ரெட்டை பிளக்

ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு போக நான்கு பேர் வந்து நின்றபோது அவள் குஞ்சு பொரிக்கிற முட்டைப் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்க அதில் அழுக்கு எதுவும் இல்லை. நேற்றுக் காலையிலிருந்து கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அக்கா, அண்ணனை வீட்டுக்குக் கொண்டாந்தாச்சு," என்றான் முன்னால் நின்றவன். அவளுடைய தம்பியை அண்ணன் என்று கூப்பிட்டு, அவனோடு சேர்ந்து கம்பம் ஏறுகிற லைன்மேன் அவன். ஆளின் உயரத்துக்கு நெட்டையன் என்று பேர் விழுந்துவிட்டது. "குளிர்பெட்டியும் வந்தாச்சு. கரண்ட்தான் இல்ல. வெயில் வேற இப்படி அடிக்குது. உங்க ஜெனரேட்டரைக் கொண்டுபோய்ப் போட்டுடலாமா?"

அவள் தெருவுக்கும் தம்பி வீடு இருந்த அடுத்த தெருவுக்கும் மின்சாரம் கிடையாது. தம்பி கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மரில் பிடுங்கிவைத்த ஃபியூஸ் இன்னும் பிடுங்கினபடியே இருந்தது. மின்வாரிய இன்ஜினியர் வந்து, அவன் எப்படிச் செத்தான் என்று பார்த்து எழுதி முடிக்கும்வரை யாரும் அதைத் தொடக்கூடாதாம். மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்.

"எடுத்துட்டுப் போங்க. வேணாம்னா சொல்லப் போறேன்?" என்றார் அவள் வீட்டுக்காரர். எடைமேடையில் சீட்டு எழுதுகிறவர். எதிலும் ஒரு கணக்கு இல்லாமல் பேசமாட்டார். "ஆனா முட்டை இருபதாவது நாள்ல இருக்கு. முந்நூறு முட்டை. வேலை முடிஞ்ச கையோட திருப்பிக் கொண்டாந்து வச்சிடுங்க."

நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். நெட்டையன்தான், "சரி மாமா," என்றான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "முட்டைப் பெட்டிக்கு வர்ற இதைத் தவிர வேற ஒயர் எதாச்சும் இருக்குமா?" என்று கேட்டான்.

"இல்ல," என்றாள் அவள். "இல்ல," என்றார் அவரும். இரண்டு பேர் வாயிலும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது.

இன்னொரு ஒயர் அங்கேதான் இருந்தது. நெட்டையனின் காலுக்கு நேர் பின்னால், தீவன மூட்டைக்குள், முழங்கை ஆழத்தில். நேற்று அவர்தான் மூட்டையைப் பிரித்து உள்ளே திணித்து, மறுபடி தைத்தும் வைத்தார். இத்தனை வருஷத்தில் ஊசி நூலை அவர் கையில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த ஒயர் வந்த கதையே அவள் வாயால் வந்ததுதான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் எம்பிராய்டரி மெஷினுக்காக ஒரு ஜெனரேட்டர் வாங்கியபோது, தம்பி அவருக்குச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மாட்டிக்கொடுத்தான். சுவரில் ஒரு இரும்புப் பெட்டி, அதில் ஒரு கைப்பிடி. மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் ஜெனரேட்டர். ஒன்று வரும்போது இன்னொன்றுக்குக் கதவு அடைபட்டுவிடும். அந்தப் பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்வ. அக்கான்னா மட்டும் உனக்கு நாளைக்குத்தான்," என்று பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் மாட்டித் தர்றேன்க்கா. நல்ல பெட்டியா வரட்டும்."

"அதுவரைக்கும் என் முட்டைக்கு நீ வந்து உக்காந்து அடை காப்பியா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்தால் அவனிடம் எதையும் வாங்கிவிடலாம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அது தெரியும். பையிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் பிளக் மாட்டிப் பத்தே நிமிஷத்தில் கையில் கொடுத்தான். ஒரு பிளக் ஜெனரேட்டரில், இன்னொன்று சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட்டில். அவ்வளவுதான், வீடு முழுக்க விளக்கெரியும், ஃபேன் சுற்றும், முட்டைப் பெட்டி சூடாகும்.

"இது செய்யக்கூடாத வேலைக்கா. வேற எவனாவது செஞ்சு வச்சிருந்தா நானே அறுத்துப் போட்டுடுவேன். அடுத்த மாசம் வரைக்கும்தான். முதல்ல மெயினை இறக்கணும். அப்புறம் ஒயர். அப்புறம்தான் மெஷின். சொல்லு பார்க்கலாம்."

மூன்று தடவை சொல்ல வைத்தான். மூன்று தடவை நடந்துபோய் மெயினை இறக்கிக் காட்டவும் வைத்தான்.

"மெயினை இறக்கலைன்னா என்னடா? வெளிக் கரண்ட் வந்து மெஷின் வெடிச்சுடுமா?"

"அதுவும்தான். ஆனா அதைவிட, நீ போடுற கரண்ட் வெளிய போகும். கம்பத்துக்கு."

"போனாப் போகட்டும். தெருவுக்கும் நாலு பேருக்கு வெளிச்சம் கிடைச்ச மாதிரி இருக்கும்," என்று அவள் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த மாதம் போய், அதற்கடுத்த மாதமும் போயிற்று.

நேற்று அதிகாலைக் காற்றில் ஒரு கிளை முறிந்து தெருமுனைக் கம்பியை அறுத்துப் போட்டது. அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் மிச்சம் இரண்டே வீடு: தையல்காரர் வீடு, அவள் வீடு. முட்டைப் பெட்டியில் சூடு இறங்கிக்கொண்டிருந்தது. மெயின் சுவிட்ச் முன்கட்டுச் சுவரில். அதற்கு முன்னால் முந்தாநாள் இறக்கிய எட்டுத் தீவன மூட்டைகள். அவள் ஒரு மூட்டையை இழுத்துப் பார்த்தாள், நகரவில்லை. வாசலில் எட்டிப் பார்த்தாள். கம்பி அறுந்து தரையில் கிடந்தது. அறுந்து கிடக்கிற கம்பியில் கரண்ட் எப்படி வரும்? வராத கரண்ட்டுக்கு மெயினை எதற்கு இறக்கணும்? அவளுக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. நேராக உள்ளே போய் ஒயரைச் செருகி, கயிற்றை இழுத்தாள்.

முட்டைக்கு மட்டும் என்றால் ஒரு நீள ஒயர் போதும், ஜெனரேட்டரிலிருந்து நேரே பெட்டிக்கு. நேற்று மத்தியானத்திலிருந்து அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுக் காலையில் அவளுக்கு ஃபேனும் வேண்டியிருந்தது.

மெஷின் சத்தத்தில் வெளியே யார் கத்தியதும் காதில் விழவில்லை. அவள் வீட்டுக்காரர்தான் வெளியிலிருந்து ஓடிவந்தார். அவளைப் பார்க்கவில்லை. முன்கட்டுக்குப் போய் மூட்டைகளின் மேலேயே ஏறி, கையை நீட்டி மெயினை இறக்கினார். டக்கென்று ஒரு சத்தம். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதும் அவள், "என்னங்க ஆச்சு?" என்றுதான் கேட்டாள்.

"உன் தம்பி கம்பத்துல இருக்கான்," என்றார்.

நான்கு பேரும் ஜெனரேட்டரைத் தூக்கினார்கள். "நீங்களும் வந்துடுங்கக்கா. இது உங்க கைக்குத்தான் பிடிக்கும்னு அண்ணன் சொல்லுவார்," என்றான் நெட்டையன். அது உண்மைதான். சோக்கைப் பாதி இழுத்து, இரண்டு தடவை மெல்ல, மூன்றாவது தடவை ஒரே இழுப்பு. வேறு யார் இழுத்தாலும் இருமிவிட்டு நின்றுவிடும். அவள் கிளம்பும்போது சூடு நின்ற பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. ஓட்டுக்குள்ளேயே ஏதோ ஒன்று கத்த ஆரம்பித்திருந்தது. அவர் பழைய போர்வை ஒன்றைத் தேடி எடுத்துப் பெட்டியின்மேல் போட்டார்.

அடுத்த தெருவில் தம்பி வீட்டு வாசலில் ஜெனரேட்டரை இறக்கினார்கள். குளிர்பெட்டியின் ஒயரை நேராக அதில் மாட்டினார்கள். எல்லோரும் விலகி அவளுக்கு வழிவிட்டார்கள். கூடப்பிறந்தவள் அல்லவா. அவள் குனிந்து, மெல்ல இரண்டு, ஓங்கி ஒன்று என்று கயிற்றை இழுத்தாள். மெஷின் உடனே பிடித்துக்கொண்டது. பெட்டியின் ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. காலையில் முட்டைகளுக்குச் சூடு கொடுத்த மெஷின் இப்போது அவனைக் குளிரவைத்தது.

கண்ணாடிக்குள் தம்பி முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. வலது கையை மட்டும் துணியால் சுற்றியிருந்தார்கள். பெட்டியின் தலைமாட்டில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரை மடியில் வைத்திருந்தாள். நாத்தனாரைப் பார்த்ததும் நகர்ந்து பக்கத்தில் இடம்விட்டு, "வாங்க அண்ணி," என்றாள்.

ஜெனரேட்டர் சத்தத்தில் எல்லோரும் உரக்கப் பேச வேண்டியிருந்தது. உரக்கப் பேசுகிறபோது மனுஷனுக்குத் துக்கம் கொஞ்சம் குறைந்து, பழி போட ஆள் தேடுகிற குணம் வந்துவிடும். யார் வீட்டு மெஷினிலிருந்து கரண்ட் வந்தது என்று ஒருவர் ஆரம்பித்தார். தையல்காரரும் நேற்று மெஷின் போட்டிருந்தார் என்று இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார்.

நெட்டையன் சுவரோரம் குந்தியிருந்தான். நேற்றிலிருந்து நூறு தடவை சொன்னதை நூற்றியொன்றாவது தடவையாகச் சொன்னான்.

"நான் சொன்னேங்க. ரெண்டு பக்கமும் மெஷின் சத்தம் கேக்குதுண்ணே, கம்பியை எர்த் பண்ணிட்டு ஏறலாம்னு சொன்னேன். டெஸ்டரையாவது வச்சுப் பாருங்கன்னேன். அண்ணன் கேக்கல. 'அந்தப் பக்கம் ரெண்டே வீடுடா. தையல்காரர் வீட்ல நானே சேஞ்ச் ஓவர் மாட்டியிருக்கேன். இன்னொண்ணு எங்க அக்கா வீடு. எங்க அக்கா மெயினை இறக்காம மெஷினைத் தொட மாட்டா, மூணு தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்'னு சிரிச்சுக்கிட்டே ஏறினார்."

சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாள். இந்த நிமிஷம் வாயைத் திறந்தால் போதும். திறந்தால் இந்த வாசலை இனி மிதிக்க முடியாது. தம்பி பிள்ளைகள் இரண்டும் அத்தை என்று கூப்பிடமாட்டார்கள். மூன்று மணிக்கு வருகிறவர் அவள் பேரை எழுதிக்கொள்வார். எதிரே வீட்டுக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். பக்கத்திலிருந்த பெண்கள் அதை அழுகை என்று எடுத்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

"அப்ப விஷயம் தெளிவாயிடுச்சு," என்றார் ஒருவர். "தையல்காரர் வீட்டுப் பெட்டிதான் சரியில்ல. இவர் மாட்டினதே இவரைக் கொன்னுடுச்சு."

"அவர் மாட்டினது எதுவும் அப்படி ஆகாது," என்றாள் தம்பி மனைவி. மெதுவாகத்தான் சொன்னாள். அந்தச் சத்தத்திலும் அது கேட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரர் உள்ளே வந்தார். ஒல்லியான மனிதர், கழுத்தில் அளவு நாடா தொங்கியது; கழற்றிவைக்க மறந்து அப்படியே வந்துவிட்டிருந்தார். பெட்டியருகே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, அத்தனை பேரும் தன்னைப் பார்ப்பது அவருக்குப் புரிந்தது.

"என் வீட்டுப் பெட்டியை யார் வேணாலும் வந்து பாருங்க," என்றார். "கைப்பிடி கீழதான் இருந்துச்சு. இப்பவும் கீழதான் இருக்கு. நேத்துலேர்ந்து நான் தொடல." பிறகு, "நேத்து மெஷின் போட்டது நான் மட்டும் இல்ல," என்றார்.

யார் பக்கமும் அவர் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்காரர் எழுந்துபோய்ப் பளாரென்று அவர் கன்னத்தில் அறைந்தார்.

"கூடப்பிறந்த அக்கா மேலயா பழியைப் போடுற? சாவு வீட்ல வந்து?"

நெட்டையன் பாய்ந்து நடுவில் நின்றான். தையல்காரர் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கீழே விழுந்த அளவு நாடாவை எடுத்து, சுருட்டி, பையில் போட்டுக்கொண்டார். "இன்ஜினியர் வரட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவளை ஒரு தடவை பார்த்தார். பக்கத்து வீட்டில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். கோபத்தைக்கூட அந்தக் கண்ணில் காணவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அவள் வீட்டுக்காரர் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நியாயம் செய்த களைப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

தம்பி மனைவி திரும்பி நாத்தனாரின் காதருகே குனிந்தாள்.

"அண்ணி, பிள்ளைங்க உள்ள ரூம்ல வெந்து கிடக்குதுங்க. ஒரு ஃபேனாவது ஓடினாத் தேவலை. அந்த ரெட்டை பிளக் ஒயரைக் கொண்டுவரச் சொல்லுங்களேன்."

"எது?"

"அவர் உங்களுக்குப் பண்ணிக் குடுத்தாரே."

"அதை... அதைத் தூக்கிப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"போன மாசமே. எதுக்கு ஆபத்துன்னு."

"ஓ," என்றாள் தம்பி மனைவி. மடியிலிருந்த கவரைப் பிரித்தாள். கைக்கடிகாரம், வண்டிச் சாவி, டெஸ்டர் என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். கடைசியாக ஒரு புது பிளக்கை எடுத்தாள். கடையில் வாங்கினபடியே உறைகூடப் பிரிக்காமல் இருந்தது.

"முந்தாநாள் சாயங்காலம் நீங்க போன் பண்ணீங்களே அண்ணி. ஒரு பக்கத்துப் பிளக் சூடாகுது, வந்து மாத்திக் குடுடான்னு. நான்தான் போனை எடுத்து அவர்கிட்ட குடுத்தேன்."

அவள் தரையில் இருந்த டெஸ்டரை நேராக்கி வைத்தாள்.

"நேத்துக் காலைல இதை வாங்கிட்டு எனக்குப் போன் பண்ணினார். கம்பியை ஒட்டிட்டு, அப்படியே அக்கா வீட்ல பிளக்கை மாத்திட்டு, அங்கயே சாப்பிட்டுக்கறேன்னார்." நாத்தனாரின் கையை எடுத்து விரித்து, பிளக்கை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள். "வச்சுக்கங்க. உங்களுக்காக வாங்கினது."

அப்போது ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. அதுவரை கத்திப் பேசிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று தங்கள் குரலைத் தாங்களே கேட்டு நிறுத்திக்கொண்டார்கள். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்தது. "பெட்ரோல் தீர்ந்துடுச்சு," என்று யாரோ சொன்னார்கள். யாரோ கேனோடு ஓடினார்கள். பெட்ரோல் வந்து ஊற்றுவதற்குள் கண்ணாடியில் உள்பக்கமும் வெளிப்பக்கமும் நீர் கோத்துக்கொண்டது. தம்பியின் முகம் மெல்ல மெல்ல மறைந்தது.

"அக்கா, நீங்களே வந்து இழுங்க," என்றான் நெட்டையன்.

அவள் எழுந்தாள். ஒரு கையில் பிளக் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். வாசலுக்குப் போய்க் குனிந்து கயிற்றின் பிடியைப் பிடித்தாள்.

"இருங்க அண்ணி," என்று பின்னால் குரல் கேட்டது.

தம்பி மனைவி பெட்டியின் தலைமாட்டை விட்டு எழுந்திருந்தாள். காலையிலிருந்து அவள் எழுந்தது அப்போதுதான். கூட்டத்தின் நடுவே நடந்துபோய், சுவரில் இருந்த மெயின் சுவிட்ச்சின் முன்னால் நின்றாள்.

"அண்ணி, பெட்டிக்கு ஒயர் நேராத்தானே போயிருக்கு," என்றான் நெட்டையன். "வீட்டு லைன்ல சேரவே இல்ல. மெயினை எதுக்கு?"

"இருக்கட்டும். வெளிய கம்பத்துல யாராவது இருப்பாங்க," என்றாள் தம்பி மனைவி. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். டக்கென்று சத்தம் கேட்டது.

"மெயினை இறக்கிட்டேன் அண்ணி. இப்ப இழுங்க."

நெட்டையன் முதலில் மெயினைப் பார்த்தான். பிறகு அக்காவின் கையிலிருந்த புது பிளக்கைப் பார்த்தான். அதை விட்டு அவன் கண் நகரவே இல்லை. அவள் வீட்டுக்காரர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

அவள் கயிற்றை மெல்ல இழுத்தாள். பிடிக்கவில்லை. இன்னொரு தடவை மெல்ல இழுத்தாள். தெருவில் ஒரு ஜீப் வந்து நிற்கிற சத்தமும், யாரோ கதவைத் திறந்து இறங்கி வீடு எது என்று விசாரிக்கிற சத்தமும் கேட்டன. மூன்றாவது தடவை ஓங்கி இழுத்தாள். மெஷின் பிடித்துக்கொண்டது. உள்ளே பச்சை விளக்கு எரிந்தது. தம்பி மனைவி திரும்பிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, அவன் முகத்துக்கு நேராக இருந்த கண்ணாடியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.